ஃப்ளோரின் இல்லாம எண்ணெயும் நிக்குமா? (ஷூ அப்பர் பினிஷிங்)

ஆம்பூர் பினிஷிங்:
ஆம்பூர்ல ஒரு தோல் ஷாப்புல பினிஷிங் பார்க்கறேன். முன்னாடி சி8 (எட்டு கார்பன் சங்கிலி), அப்புறம் சி6 (ஆறு கார்பன்) ஃப்ளோரோ ரெசின் ஸ்ப்ரே அடிச்சு அனுப்பிட்டிருந்தோம். இப்போ பையர் ஃப்ளோரினே கூடாதுங்கறார். ஆனா தண்ணி, எண்ணெய் ரெண்டும் ஊறக் கூடாதாம். சிலிகான் டாப் கோட் போட்டோம். தண்ணி முத்து முத்தா உருண்டு ஓடுது. கேன்டீன் கடலை எண்ணெய் ஒரு சொட்டு விட்டா கறை. கெமிக்கல்காரர் டோஸ் ஏத்தச் சொல்றார். ஏத்தினா தோல் பிசுபிசுங்குது, எண்ணெய் அடங்கல. சிலிகானால முடியாதுன்னா காரணத்தோட சொல்லுங்க, முதலாளிகிட்ட பேசணும்.

காட்பாடி பாலிமர்:
காரணம் டோஸ் இல்லண்ணா. தண்ணியோட பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். சமையல் எண்ணெய்க்கு 32 பக்கம்தான். சிலிகான் பரப்போட ஆற்றல் 20, 22. தண்ணிக்கும் அதுக்கும் இடைவெளி பெருசு, அதனால சுருண்டு உட்காருது. எண்ணெய்க்கு அந்த இடைவெளி பத்தல, பரவி நார் இடுக்குல இறங்கிடுது. ஃப்ளோரின் சங்கிலியோட நுனிகள் நெருக்கமா அடுக்கினா ஆற்றல் 6 வரைக்கும் குறையும். சிலிகான் எவ்வளவு ஊத்தினாலும் அங்க வராது.

பரப்பை மேடு பள்ளமாக்கி எண்ணெயை நிறுத்தினவங்க உண்டு. 2007ல எம்.ஐ.டி. குழு செஞ்சாங்க, ஆனா அதுலயும் ஃப்ளோரின் இருந்தது. ஷூ மூக்குல ஒரு தேய்ப்பு போதும், அந்த மேடு பள்ளம் போயிடும்.

இன்னொரு வழி, சிலிகான் சங்கிலிய ஒரு முனையில மட்டும் பரப்போட பிணைச்சு விடறது. 2016ல வாங், மெக்கார்த்தி ரெண்டு பேரும் காட்டினது. எண்ணெய் தட்டையாத்தான் கிடக்கும், லேசா சாய்ச்சா வழுக்கிப் போயிடும். ஆனா கண்ணாடி மாதிரி வழவழப்பு வேணும். நுபக்ல (மேல் பரப்பைத் தேய்ச்சு மெத்துன்னு ஆக்கின தோல்) நினைச்சுக்கூடப் பார்க்காதீங்க.

ராணிப்பேட்டை பழைய கை:
தம்பி, நுபக்கா, ஃபுல் கிரெயினா (மேல் பரப்பைத் தேய்க்காத தோல்), அதை முதல்ல சொல்லு. பிக்மென்ட் (நிறமி) போட்ட தோல்னா நல்லா கிராஸ்லிங்க் ஆன, அதாவது சங்கிலிகள் குறுக்கே பிணைஞ்ச, பி.யூ. (பாலியூரிதேன்) டாப் போட்டு துளையை மூடு. அது எண்ணெயை விரட்டாது, ஆனா எண்ணெய் மேலேயே நிக்கும், துடைச்சுக்கலாம். தண்ணி விஷயத்தை டிரம்லயே (தோலைப் பதப்படுத்தற உருளை) முடி: ஹைட்ரோபோபிக் ஃபேட்லிக்கர் (தண்ணியை விரட்டற எண்ணெய்ப் பதம்), கடைசியா குரோம் கேப்பிங் (குரோம் உப்பால அதைத் தோல்ல பிணைக்கறது). நடுவுல சோப்புத் தன்மை இருக்கற ஆக்ஸிலரி (துணை ரசாயனம்) எதுவும் தங்கிடக் கூடாது, நல்லா கழுவு. பாலி டெஸ்ட்ல (தோலை மடக்கி மடக்கி தண்ணி ஊறுதான்னு பார்க்கறது) அதுதான் கவுத்துடும்.

சி6க்குத் திரும்பற யோசனையே வேண்டாம். ஐரோப்பாவில துணி, தோல் உடுப்பு, காலணிக்கு 2026 அக்டோபர்ல இருந்து கட்டுப்பாடு.

ஆம்பூர் பினிஷிங்:
ஃபுல் கிரெயின்தாங்க, பிக்மென்ட் கோட் உண்டு. பி.யூ. டாப்பை நாளைக்கே அடிச்சுப் பார்க்கறேன். எண்ணெய் டெஸ்ட் அந்த ஷூவுக்கு எதுக்குன்னு பையரைக் கேட்கலாமா?

ராணிப்பேட்டை பழைய கை:
தாராளமா கேளு. சி8 காலத்து ஸ்பெக்கை அப்படியே காப்பி அடிச்சிருப்பாங்கன்னு என் சந்தேகம். ஆபீஸ் ஷூ போட்டுக்கிட்டு யாரு பிரியாணி தேக்சாவுல இறங்கப் போறான்?

காட்பாடி பாலிமர்:
அண்ணா, அனுப்பறதுக்கு முன்னாடி பி.யூ. சாம்பிளை ஷூ மடியற மாதிரி மடிச்சு மடிச்சு விட்டு, மடிப்பு மேலயே எண்ணெய் சொட்டு வைங்க. படலம் வெடிச்சிருந்தா அங்கதான் முதல்ல ஊறும்.