வீட்டிலிருந்தே ஆப்பிரிக்க சஃபாரி நேரலை: மனதை விட்டுப் போகாத ஒரு காட்சியைச் சொல்லுங்கள்

அரசலாறு:
தென்னாப்பிரிக்காவின் ஜூமா காப்பகம் பக்கம் மாலை வண்டி, அதாவது வழிகாட்டி ஓட்டிப் போய் நேரலையில் காட்டும் மாலைச் சுற்று. இங்கே மணி ஒன்பதைத் தாண்டியிருக்கும். பெண் சிறுத்தை ஒன்று வயிறு தரையில் பட ஊர்ந்துகொண்டிருந்தது, எதிரே இம்பாலா கூட்டம். வழிகாட்டி சட்டென்று விளக்கை அணைத்துவிட்டார். வெளிச்சம் பட்டால் மானுக்குக் கண் கூசும், அது சிறுத்தைக்குச் சாதகமாகிவிடும் என்று மெதுவான குரலில் சொன்னார். அப்புறம் திரை முழுக்க இருட்டு. பூச்சிச் சத்தம். ஒரு மான் மூக்கால் சீறியது, உடனே தடதடவென்று குளம்புகள். திரும்ப விளக்கைப் போட்டால் வெறும் புல்தான் இருந்தது. மாட்டியதா, தப்பியதா? மறுநாள் நடவு, காலை வண்டியைப் பார்க்க முடியவில்லை. யாராவது பார்த்தீர்களா?

வெண்ணாறு:
நான் பார்க்கவில்லை. எனக்கு யானைதான்.

ஆடிப்பெருக்கு அன்று படித்துறையில் காதோலை கருகமணி விட்டு, மஞ்சள் கயிறு கட்டி, கலந்த சாதம் சாப்பிட்டு வீட்டுக்கு வந்து டிவியில் யூடியூபைப் போட்டோம். இங்கே ஆறு கரை தொட்டு ஓடுகிறது, அங்கே ஆறு காய்ந்து வெறும் மணலாகக் கிடக்கிறது. அவர்களுக்கு மே முதல் செப்டம்பர் வரை மழையில்லாத குளிர்காலம். பெரிய பெண் யானை ஒன்று முன்னங்காலால் மணலைக் கிளறி, தும்பிக்கையால் அள்ளி அள்ளி ஒதுக்கியது. கோடையில் கொள்ளிடத்தில் நாம் ஊற்றுத் தோண்டுவோமே, அதேதான். குழி ஆழமானதும் நிறுத்திவிட்டு, நீர் ஊறும்வரை அசையாமல் நின்றது.

அப்புறம் ஒவ்வொன்றாகக் குடித்தன. குட்டிக்குத் தும்பிக்கையால் உறிஞ்சத் தெரியவில்லை. முட்டி போட்டு, தலையைக் குழிக்குள் விட்டு வாயால் குடித்தது. பின்பக்கம் மட்டும்தான் வெளியே தெரிந்தது. அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து, "புள்ள உள்ள விழுந்துடப் போவுது, புடிங்கடி" என்று யானைகளைப் பார்த்துக் கத்திவிட்டார்.

எனக்கு உறுத்துவது அதற்கு அடுத்தது. ஓரமாக ஓர் இளம் யானை நின்றுகொண்டே இருந்தது. கிட்டே வரும்போதெல்லாம் பெரியவை தள்ளிவிட்டன. கூட்டம் கிளம்பியதும் அது குடிக்காமலே பின்னால் ஓடியது. காலியான குழிக்குக் காட்டுப்பன்றிகள் வந்தன. அவற்றுக்குக்கூடக் கிடைத்தது. அம்மா இன்னும் கேட்கிறார்: "அந்தக் கடைசிப் புள்ள தண்ணி குடிச்சிச்சா?"

உப்பளக்காற்று:
வெண்ணாறு, குடித்திருக்கும். வளர்ந்த ஆப்பிரிக்க யானை ஒரு நாளைக்கு நூறு லிட்டருக்கு மேல் குடிக்கும். ஒரு குழி அந்தக் கூட்டத்துக்கே போதாது, வேறு நீர்நிலைக்குத்தான் நடந்திருப்பார்கள். அம்மாவிடம் சொல்லுங்கள்.

அரசலாறு, விளக்கை அணைத்தது சரி. ஆனால் திரையை இருட்டாக விட்டிருக்க வேண்டாம். அகச்சிவப்பு ஒளி மானுக்கும் தெரியாது, சிறுத்தைக்கும் தெரியாது. அந்தக் கேமராவைப் போட்டிருக்கலாம். மறுநாள் தேடியும் பயனில்லை. ஜூமா இருக்கும் சபி சாண்ட் காப்பகத்துக்கும் க்ரூகர் தேசியப் பூங்காவுக்கும் நடுவிலிருந்த வேலியை 1993-லேயே எடுத்துவிட்டார்கள், சிறுத்தை எந்தப் பக்கமும் போயிருக்கும்.

நான் பார்த்தது: நள்ளிரவு, நீர்நிலைக் கேமரா. கழுதைப்புலி ஒன்று தண்ணீருக்குள் இறங்கிக் கழுத்துவரை படுத்துக்கொண்டது. கண் இரண்டும் வெள்ளையாக மின்னின.

புதிதாகப் பார்ப்பவர்களுக்கு: தென்னாப்பிரிக்க நேரம் நமக்கு மூன்றரை மணி பின்னால். அவர்களுடைய மாலை வண்டி நமக்கு ஆறரை, ஏழு மணிவாக்கில் வரும். காலை வண்டி நாம் பலகாரம் சாப்பிடும் நேரத்தில். செல்போன் டேட்டாவில் பார்ப்பவர்கள் படத் தரத்தை 480-இல் வையுங்கள், போதும். ஹெட்போன் கட்டாயம், பறவைகள் எச்சரிக்கும் சத்தம் முதலில் காதுக்குத்தான் வரும். கரண்ட் போய் வந்தால் நேரலையைப் பின்னுக்குத் தள்ளி விட்ட இடத்திலிருந்து பாருங்கள். பிள்ளைகளுக்குப் பகலில் நமீப் பாலைவன நீர்த்தொட்டிக் கேமராவைப் போடுங்கள். நெருப்புக்கோழியும் நீளக் கொம்பு ஓரிக்ஸ் மானும் வரும். பொறுமை பழகியபின் சிறுத்தைக்குப் போகலாம். அப்படியே ஒரு விடியற்காலை கோடியக்கரைக்கும் வாருங்கள். 1967-இலிருந்து சரணாலயம். இங்கே வெளிமான் துள்ளுவதை நேரில் பார்த்தவர்களுக்கு இம்பாலா ஓட்டம் இன்னும் நன்றாகப் புரியும்.

குடமுருட்டி:
உப்பளக்காற்று, எல்லாவற்றையும் நமக்குக் காட்டியே ஆக வேண்டுமா? அந்த வழிகாட்டி செய்ததில் எனக்குக் குறையே தெரியவில்லை. அரசலாறுக்குக் கேட்ட குளம்புச் சத்தத்தைக் கேட்க நான் கொடுத்துவைக்கவில்லை.

என் மகள் கேட்ட கேள்வியை ஒருநாள் நேரலையில் படித்தார்கள். எருமை முதுகில் சிவப்பு அலகோடு உட்கார்ந்திருக்கும் குருவி என்ன தின்கிறது என்று கேட்டிருந்தாள். உண்ணி தின்னும், ஆனால் புண் இருந்தால் அதைக் கொத்தி இரத்தமும் குடிக்கும் என்று வழிகாட்டி சொன்னார். அவள் முகம் மாறிவிட்டது. "அப்போ அது நல்ல பறவையா, கெட்ட பறவையா?" வண்டி அதற்குள் நகர்ந்துவிட்டது, என்னிடமும் பதில் இல்லை.

மறுநாள் பள்ளிக்குப் போகுமுன் வாய்க்கால் கரைக்குப் போய், பக்கத்து வீட்டு எருமை முதுகில் புண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள். இல்லை. நம் ஊர் உண்ணிக்கொக்கு எருமை நடக்கையில் புல்லிலிருந்து கிளம்பும் பூச்சியைத்தான் பெரும்பாலும் பிடிக்கும் என்றேன். அது போதவில்லை. அடுத்த கேள்வியை நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள்: புண்ணைக் கொத்தும்போது எருமை ஏன் அதை விரட்டுவதில்லை? இன்று மாலை வண்டிக்கு அனுப்புகிறோம். வெண்ணாறு, அம்மாவின் கேள்வியையும் சேர்த்து அனுப்பட்டுமா?