அசெம்பிள் செய்வதா, கம்பெனி கணினி வாங்குவதா? அவசரம்

குரோம்பேட்டைக்காரன்:
வணக்கம். சென்னை ரிச்சி தெருக் கடை ஒன்றில் 48,000 ரூபாய்க்குக் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார்கள். ஷோரூமில் கம்பெனி கணினி 57,000. அசெம்பிள் செய்தால் ஒன்பதாயிரம் மிச்சம்தானே? முன்பணம் கட்டக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன், யாராவது விரைவாகச் சொல்லுங்கள்.

நிரலன்:
எதற்குக் கணினி? என்ன பிராசஸர், எத்தனை ஜிபி ரேம்? மானிட்டர் சேர்ந்த விலையா?

திருவான்மியூர் வாசி:
கடலோரம் என்றால் கேபினெட்டில்தான் கவனம் வேண்டும். உப்புக் காற்று பட்டு என் பழைய கணினியின் ரேம் ஸ்லாட் எல்லாம் பச்சை பூத்துவிட்டது. முன்னால் வலை வைத்த கேபினெட்டுகளை வாங்கவே வாங்காதீர்கள்.

நிரலன்:
அவர் குரோம்பேட்டையில் இருக்கிறார் ஐயா. வெயில் காலத்தில் அங்கே காற்றோட்டம்தான் முக்கியம்.

பழைய மதர்போர்டு:
இதே கேள்வி இங்கே ஓயாமல் வருகிறது. தேடிப் படிக்கும் பொறுமை யாருக்கும் இல்லை. தம்பி, கொட்டேஷனின் கடைசி வரியைப் படியுங்கள், ‘வரி தனி’ என்று இருக்கும். ஜிஎஸ்டி 18 சதவீதம். 48,000க்கு 8,640 ரூபாய். ஆக 56,640. நீங்கள் சொல்லும் ஒன்பதாயிரம் 360 ரூபாயாகிவிட்டது. இதைக்கூடக் கூட்டிப் பார்க்காமல் முன்பணம் கட்டப் போகலாமா?

குரோம்பேட்டைக்காரன்:
‘வரி தனி’ என்றுதான் இருக்கிறது ஐயா. கொட்டேஷன்: ரைசன் 5 5600ஜி பிராசஸர், 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி. விண்டோஸ் அவர்களே போட்டுத் தருகிறார்களாம். கம்பெனி கணினி: ஐ3, 8 ஜிபி, அதே எஸ்எஸ்டி. மானிட்டர் இரண்டிலும் உண்டு.

கீபோர்டு அக்கா:
அப்படியானால் இரண்டும் ஒரே பொருள் இல்லை, விலையை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பயன் இல்லை. கம்பெனி கணினியில் விண்டோஸ் உரிமம் விலையிலேயே அடங்கியிருக்கும். கடைக்காரர் ‘போட்டுத் தருவது’ உரிமம்தானா என்று கேளுங்கள். உரிமம் என்றால் பில்லில் தனி வரியாக விலையோடு வரும். வராவிட்டால் அது உரிமம் இல்லை, பின்னால் நீங்கள்தான் பணம் கட்ட வேண்டியிருக்கும்.

ரேம் விலையும் பழையபடி இல்லை. தரவு மையங்களுக்கான தேவையால் 2025 கடைசியில் கடுமையாக ஏறியது. குரூஷியல் என்ற சில்லறை வியாபாரத்தையே நிறுத்துவதாக மைக்ரான் அந்த டிசம்பரில் அறிவித்தது. பெரிய கம்பெனிகள் மொத்தமாக ஒப்பந்தம் போட்டு வாங்குவதால் அந்த அடி அவர்களுக்குக் கொஞ்சம் மெதுவாக விழும். அதனால் ‘அசெம்பிள் என்றாலே மலிவு’ என்ற பழைய கணக்கை இப்போது அப்படியே நம்ப முடியாது.

இன்னும் நீங்கள் சொல்லவில்லை: யாருக்கு, எந்த வேலைக்கு?

மின்தடை:
யுபிஎஸ் செலவையும் சேருங்கள். 600 விஏ (வோல்ட் ஆம்பியர்) என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் 360 வாட்தான் கிடைக்கும்.

தாம்பரம் தங்கராசு:
வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் யுபிஎஸ் வீண் செலவு.

மின்தடை:
தவறான யோசனை. மின்சாரம் போனபின் எஸ்எம்பிஎஸ் (கணினிக்குள் மின்சாரம் தரும் பெட்டி) ஏறத்தாழ 16 மில்லி விநாடிதான் தாங்கும். இன்வெர்ட்டர் அதற்குள் மாறாவிட்டால் கணினி அணைந்துவிடும்.

தாம்பரம் தங்கராசு:
இன்வெர்ட்டரில் யுபிஎஸ் நிலைக்கு மாற்றும் சுவிட்ச் இருக்கிறது. எங்கள் வீட்டில் ஒருமுறைகூட அணைந்ததில்லை.

மின்தடை:
உங்களுடையது சீரான அலையாக மின்சாரம் தரும் சைன் வேவா, சதுர அலையாகத் தரும் ஸ்கொயர் வேவா? அதைச் சொல்லாமல் எல்லோருக்கும் பரிந்துரைக்கக் கூடாது.

பழைய மதர்போர்டு:
இன்வெர்ட்டர் பற்றி வேறு இழையில் பேசுங்கள். இப்படித்தான் ஒவ்வொரு கேள்வியும் கெட்டுப்போகிறது.

குரோம்பேட்டைக்காரன்:
அக்கா, என் தமக்கை மகளுக்கு. கட்டடக்கலை முதலாண்டு சேர்ந்திருக்கிறாள். வரைவதற்கு ஆட்டோகேட், ஸ்கெட்சப், பிறகு கட்டடத்தை நிஜம்போலக் காட்டும் லூமியன் மென்பொருள் வேண்டும் என்கிறாள்.

நிரலன்:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதிக் கேள்வி குறைந்திருக்கும். லூமியனுக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு கட்டாயம்.

கீபோர்டு அக்கா:
இப்போது பதில் தெளிவு: அசெம்பிள் செய்யுங்கள், விலை கூடினாலும் பரவாயில்லை. முதலாண்டில் பெரும்பாலும் கையால்தான் வரையச் சொல்வார்கள், இன்றைக்கே கார்டு வேண்டாம். ஆனால் பிறகு பொருத்த இடமும், அதற்குப் போதிய மின்சாரமும் வேண்டும். பல கம்பெனி கணினிகளில் எஸ்எம்பிஎஸ் 180, 200 வாட்தான். அளவும் இணைப்பும் அந்தக் கம்பெனிக்கே உரியவை, வெளியில் வாங்கி மாற்ற முடியாது. கடையில் 550 வாட், நல்ல பெயருள்ள எஸ்எம்பிஎஸ் கேளுங்கள். ரேம் ஒரே 16ஆக வேண்டாம், இரண்டு 8 போடச் சொல்லுங்கள். 5600ஜி கிராபிக்ஸுக்கும் ரேமையே பயன்படுத்துகிறது, இரண்டு ரேமும் சேர்ந்து இயங்கும் இரட்டைச் சேனல் இருந்தால் வேகம் நன்றாகத் தெரியும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கம்பெனி கணினி மேல்: பழுதானால் வீட்டுக்கே ஆள் வருவார். அசெம்பிள் என்றால் ஒவ்வொரு பாகத்துக்கும் தனி வாரண்டி, சர்வீஸ் சென்டருக்கு நீங்கள்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். வரிசை எண்களோடு பில் வாங்காமல் கடையை விட்டு வராதீர்கள்.

பழைய மதர்போர்டு:
5600ஜி பொருந்துவது பழைய ஏஎம்4 சாக்கெட்டில் (பிராசஸரைப் பொருத்தும் இடம்). இனி மேம்படுத்த வழி குறைவு. அடுத்த தலைமுறை ஏஎம்5 மதர்போர்டு வாங்குவதே அறிவுள்ள செயல்.

கீபோர்டு அக்கா:
ஏஎம்5 என்றால் டிடிஆர்5 என்ற புதுவகை ரேம் கட்டாயம். அவர் பட்ஜெட்டில் அது எங்கே அடங்கும் ஐயா?

குரோம்பேட்டைக்காரன்:
முடித்துவிட்டேன். விண்டோஸ் உரிமம், வரி எல்லாம் சேர்த்து 61,000. இரண்டு 8 ஜிபி, 550 வாட். அரசினர் தோட்டம் மெட்ரோவில் நிற்கிறேன். அனைவருக்கும் நன்றி.

நிரலன்:
எந்த எஸ்எம்பிஎஸ் என்று சொல்லுங்கள். பில்லில் வரிசை எண் இருக்கிறதா?

திருவான்மியூர் வாசி:
கேபினெட் என்ன வாங்கினீர்கள்?