புகார் மனுவுக்குப் பாடநூலை நீக்கலாமா? நெல்லைப் பல்கலைக்கழக விவகாரம்

பொருநைக்கரையான்:
2020 நவம்பரில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் எம்.ஏ. ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து அருந்ததி ராயின் 'வாக்கிங் வித் த காம்ரேட்ஸ்' நூலை நீக்கியது. 2017 முதல் பாடத்திட்டத்தில் இருந்த நூல். மாவோயிஸ்டுகளைப் புகழ்கிறது என்று ஆர்எஸ்எஸ் சார்பு மாணவர் அமைப்பான ஏபிவிபி புகார் கொடுத்தது, சில நாட்களில் நூல் போய்விட்டது. பதிலுக்கு மா. கிருஷ்ணனின் இயற்கைக் கட்டுரைகள் வந்தன. கிருஷ்ணன் அருமையான எழுத்தாளர்தான். ஆனால் பாடத்திட்டக் குழு செய்ய வேண்டிய வேலையை ஒரு மனு செய்துவிட்டதே!

செந்தில்_தென்காசி:
மனு நீக்கவில்லை. பல்கலைக்கழகம் குழு அமைத்துத்தான் முடிவெடுத்தது. தடைசெய்யப்பட்ட ஆயுத இயக்கத்தை அனுதாபத்தோடு எழுதிய நூலை வரிப்பணத்தில் ஏன் நடத்த வேண்டும் என்று மக்கள் கேட்கக் கூடாதா? நூலை யாரும் தடைசெய்யவில்லை. கடையில் வாங்கிப் படிக்கலாம்.

பொருநைக்கரையான்:
குழு அமைத்தால் எல்லாம் சரியாகிவிடுமா? சங்கப் பாடல்களை ஆங்கிலத்தில் தந்த ஏ.கே. ராமானுஜன், ராமாயணத்தின் பல வடிவங்களைப் பற்றி எழுதிய 'முந்நூறு ராமாயணங்கள்' கட்டுரையை ஆராய நான்கு வல்லுநர்களைப் போட்டார்கள். மூன்று பேர் ஆட்சேபம் இல்லை என்றார்கள். அப்படியும் 2011இல் டெல்லி பல்கலைக்கழகக் கல்விக் குழு அதை நீக்கியது. அப்போது மத்தியில் காங்கிரஸ் ஆட்சி. ஆகவே இதைக் கட்சிச் சண்டையாக்க வேண்டாம். அனுதாபத்தோடு எழுதியதை அலசி, தேவைப்பட்டால் மறுத்து எழுதப் பழக்குவதுதானே முதுகலை வகுப்பு?

செந்தில்_தென்காசி:
2012 ஞாபகம் இருக்கிறதா? இந்தி எதிர்ப்புப் போராட்டம் பற்றிய ஆர்.கே. லக்ஷ்மணின் கேலிச்சித்திரம் மத்திய அரசின் என்சிஇஆர்டி வெளியிட்ட 12ஆம் வகுப்புப் புத்தகத்தில் இருந்தது. நீக்கச் சொன்னவர்கள் கருணாநிதியும் வைகோவும். அப்போது எங்கே போனது கல்விச் சுதந்திரம்?

பொருநைக்கரையான்:
அதுவும் தப்புதான். அந்தப் படத்தை வைத்தே 1965ஐப் பற்றி நல்ல வகுப்பு எடுத்திருக்கலாம்.

வகுப்பறை_ஜன்னல்:
நான் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். நீக்கிய நூலைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள், சேர்க்காமலே விட்ட நூல்களை யார் கணக்கெடுப்பது? விருப்பப் பாடத்துக்கு நூல் பரிந்துரைக்கச் சொன்னபோது துறைத்தலைவர் சொன்னது: "பிரச்சினை வராத புத்தகமாப் பார்த்துப் போடுங்க." அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. அடுத்த ஆண்டு வேலை நீடிக்குமா என்று தெரியாத நான் வாதாடவும் இல்லை. சாதி, மதம், தேர்தல் என்று எதைத் தொட்டாலும் யாராவது கைபேசியில் பதிவு செய்கிறார்களா என்று கண் தேடுகிறது. தடை உத்தரவே தேவைப்படவில்லை. நிரந்தரப் பணியிடங்களை நிரப்பாமல் விடுவதும் வாயை மூடவைக்கும் வழிதான்.

செந்தில்_தென்காசி:
நிரந்தரப் பணி கேட்டால் நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஆசிரியர் வகுப்பில் அரசியல் பிரச்சாரம் செய்தால் பெற்றோர் யாரிடம் போவது?

பொருநைக்கரையான்:
பாடத்திட்டக் குழுவிடம் மனு கொடுக்கட்டும். அந்தப் பாடத்தை நடத்துபவரையும் கேட்டு, காரணத்தை எழுத்தில் வெளியிட்டு, அடுத்த திருத்தத்தின்போது முடிவெடுக்கட்டும். கல்வியாண்டின் நடுவில், அதுவும் மாணவர்கள் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும்போது புத்தகத்தைப் பிடுங்கக் கூடாது.