முழங்கால்ல நின்னபடியே தூங்கிட்டேன்

பாடகர் குழு, ஓய்வுநாள் பள்ளி, வியாழன் உபவாச ஜெபம். எல்லாமே சர்ச் ஊழியம்தான். நேத்து ஜெபிக்க முழங்கால் போட்டவ, கட்டில்ல முகம் புதைச்சுத் தூங்கிட்டேன். முழிச்சதும் ஒரே குற்ற உணர்ச்சி. இளைப்பாறுதல்னா என்னதாங்க?

பதில் 1:
சகோதரி, பைபிள்ல 1 இராஜாக்கள் 19 வாசிங்க. சூரைச்செடியின் கீழ் சாகணும்னு படுத்த எலியா தீர்க்கதரிசியைத் தூதன் திட்டலையே! ரெண்டு தடவை எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். நடுவுல தூங்கவும் விட்டான்.

பதில் 2:
மாற்கு 6:31-ல இயேசுவே சீஷர்களை "சற்றே இளைப்பாறும்படி" கூப்பிடுறார். (அங்கேயும் கூட்டம் முந்திக்கிட்டு வந்துடுச்சு, அது வேற கதை.) நான் ஒரு பொறுப்பை விட்டேன். இப்ப காலையில பைபிள்ல ஒரே ஒரு சங்கீதம் வாசிக்கிறேன், மெதுவா. போன் அடுத்த அறையில.

கேட்டவர்:
வியாழன் வரலைன்னு இப்பதான் மெசேஜ் போட்டேன். கை நடுங்குது.