கார் நிறுத்தும் தளத்தில் விரிசல்: உடைக்கத்தான் வேண்டுமா?

கரிசல்காட்டான்:
கோவில்பட்டிப் பக்கம் வீடு. சுத்தமான கரிசல் மண். போன சித்திரையில் கேட்டிலிருந்து போர்டிகோ வரை 10 அடி அகலம், 30 அடி நீளத்துக்கு 4 அங்குலக் கான்கிரீட் போட்டோம், ஒரே தளமாக. இப்போது பாதி நீளத்தில் குறுக்கே மயிரிழை போல ஒரு விரிசல். காம்பவுண்டு மூலையில் இன்னொன்று சாய்வாக ஓடுகிறது. அதில் ஒரு ரூபாய்க் காசைச் செருகலாம், ஒரு பக்கம் இறங்கியும் இருக்கிறது. சிமென்ட் பால் ஊற்றினால் போதும் என்கிறார் கொத்தனார். முழுசாக உடைக்கச் சொல்கிறார் மச்சான்.

சைட் இன்ஜினியர்:
அண்ணாச்சி, இரண்டும் வேறு வேறு கேஸ். குறுக்கு விரிசல் கான்கிரீட் காய்ந்து சுருங்கியதால் வந்தது. 4 அங்குலத் தளத்துக்கு 8 முதல் 10 அடிக்கு ஒரு ஜாயின்ட், அதாவது விரிசல் விழுவதற்கென்றே விடும் கோடு, வேண்டும். போட்ட மறுநாளுக்குள் மெஷினால் ஓர் அங்குல ஆழம் கீறிவிட்டிருந்தால் அந்தக் கோட்டிலேயே நேராக விட்டிருக்கும். நீங்கள் கீறவில்லை, அதுவே இடம் பார்த்து விட்டுக்கொண்டது. சித்திரை வெயிலில் தண்ணீர் கட்டி நிறுத்தாவிட்டால் இன்னும் மோசம். இனி அதுதான் உங்கள் ஜாயின்ட், பயம் வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது மூலையில் இருப்பது. ஒரு பக்கம் இறங்கினால் கீழே மண் நகர்கிறது என்று அர்த்தம். கரிசல் மழையில் ஊதும், கோடையில் சுருங்கி வாய் பிளக்கும். அங்கே தண்ணீர் எங்கிருந்தாவது விழுகிறதா?

பழைய வீடு:
விரிசலில் ஊற்றினால் கல்லாக இறுகும் எபாக்சி பசை மட்டும் வேண்டாம். எங்கள் தெருவில் ஒருவர் ஊற்றினார். அந்த இடம் இரும்பாக நின்றது, பக்கத்திலேயே புதுசாக விட்டது.

கரிசல்காட்டான்:
மொட்டைமாடி மழைக்குழாய் அந்த மூலையில்தான் விழுகிறது!

சைட் இன்ஜினியர்:
அப்போ முதல் வேலை குழாய். தண்ணீரைத் தெருப்பக்கம் தள்ளி விடுங்கள். அதைச் செய்யாமல் மேலே எதை ஊற்றினாலும் காசுக்குக் கேடு. சிமென்ட் பால் எப்படியும் நிற்காது, அசைகிற விரிசலில் பொடிப்பொடியாக வந்துவிடும்.

அப்புறம் விரிசலின் குறுக்கே பென்சில் கோடு போட்டு, தேதி எழுதி, ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை போகட்டும். தை கழிந்து பார்த்து இறக்கம் கூடவில்லை என்றால், நன்றாகக் காய்ந்த விரிசலைத் தூசி போகத் துடைத்து பாலியூரிதேன் சீலன்ட் அடிக்கலாம். அது ரப்பர் மாதிரி இழுத்துக் கொடுக்கும். குறுக்கு விரிசலுக்கும் அதுவே போதும்.

இறக்கம் கூடினால் அந்த மூலையை மட்டும் மெஷினால் நேராக வெட்டி எடுங்கள். கீழே ஒன்றரை அடி கரிசலைத் தோண்டிப் போட்டு, கிராவலை அரை அடி அரை அடியாகத் தண்ணீர் விட்டு இடித்து, மேலே புதுத் தளம். காம்பவுண்டுச் சுவரோடு ஒட்டாமல் நடுவில் தெர்மாகோல் வைக்கச் சொல்லுங்கள். கொத்தனார் தேவையில்லை என்பார், விடாதீர்கள். முழுத் தளத்தையும் உடைக்கச் சொல்லும் மச்சானிடம் செலவைப் பாதி ஏற்கச் சொல்லிப் பாருங்கள்.