'தி டெமி பாரடைஸ்' நல்ல பிரதி எங்கே கிடைக்கும்?

நண்பர்களே, 1943இல் ஆன்டனி அஸ்க்வித் இயக்கிய 'தி டெமி பாரடைஸ்' படத்தின் நல்ல பிரதியைத் தேடுகிறேன். புதுவகைக் கப்பல் புரொப்பல்லரோடு இங்கிலாந்து வரும் சோவியத் பொறியாளராக லாரன்ஸ் ஒலிவியர். முதலில் ஆங்கிலேயர்களின் போக்கே அவருக்குப் பிடிபடாது. அப்புறம் கப்பல் கட்டும் முதலாளியின் பேத்தியோடு காதல், நடுவில் போர்.

என்னிடம் இருப்பதில் ஒரே கரகரப்பு. ஒலிவியரின் ரஷ்ய உச்சரிப்பு வேறு, பாதி வசனம் புரியவில்லை. மார்கரெட் ரூதர்ஃபோர்டுக்கு மட்டும் வசனமே தேவையில்லை, முகமே போதும்!

ஆங்கில சப்டைட்டிலோடு டிவிடியோ ஓடிடியோ தெரிந்தால் சொல்லுங்கள். 'அட்வெஞ்சர் ஃபார் டூ' என்ற அமெரிக்கப் பெயரிலும் தேடிவிட்டேன். அவசரமில்லை, ஆனால் அந்தக் கிராமத்து ஊர்வலக் காட்சியைத் தெளிவாகப் பார்த்துவிட ஆசை.