உபவாசமும் தைரியமும்: நீங்கள் கண்ணால் கண்டதைப் பகிருங்கள் (உங்கள் சென்னைப் பகுதியின் பெயரை முன்னால் போடுங்கள்)

வியாசர்பாடி:
ஸ்தோத்திரம். எங்கள் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வரும் ஒரு சகோதரி, வீட்டு வேலை செய்பவர். எழும்பூர் கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. எதிர்த்தரப்பு அதே தெருக்காரர்கள். வேதத்தில் தன் ஜனத்துக்காக ராஜாவிடம் பேசப் போகுமுன் எஸ்தர் ராணி இருந்ததுபோல, எஸ்தர் உபவாசம் எடுத்தார். மூன்று நாள், பச்சைத் தண்ணீர்கூட இல்லை. மூன்றாம் நாள் பதினொன்றரை மணிக்குப் பெயரைக் கூப்பிட்டார்கள். பெஞ்சிலிருந்து எழுந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். வாயைத் திறந்தால் நாக்கு ஒட்டிக்கொண்டு சத்தமே வரவில்லை. யாரோ தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். வாங்கி வைத்துக்கொண்டு, கூட வந்த சபை அக்காவைத் திரும்பிப் பார்த்தார். குடிக்கலாமா என்று கேட்கும் பார்வை. குடித்தார், சொல்ல வேண்டியதைச் சொன்னார். ஆனால் அந்தப் பார்வை மனதை விட்டுப் போகவில்லை. அவரிடம் தைரியம் இருந்தது, உடம்பில் ஈரம் இல்லை. அவருக்கு நாங்கள் என்ன சொல்லிக்கொடுக்கத் தவறினோம்?

சூளைமேடு:
எஸ்தர் 4:16ஐ மட்டும் வாசித்துவிட்டு 5:1ஐ விட்டுவிடுவதால் வருவது இது, பிரதர். "மூன்றுநாள் அல்லும் பகலும்" என்றவள் மூன்றாம் நாளிலேயே ராஜவஸ்திரம் உடுத்தி உள்முற்றத்தில் நிற்கிறாள். முழு 72 மணி நேரம் கணக்கில் வராது. அன்றைக்கே ராஜாவுக்கு விருந்தும் ஆயத்தமாக இருக்கிறது.

உபவாசம் இருந்தால் பயம் போய்விடும் என்று சொல்லிக்கொடுப்பதும் சரியில்லை. எருசலேம் மதில் இடிந்து கிடக்கிறதைக் கேட்டு, ராஜாவின் பானபாத்திரக்காரனான நெகேமியா சில நாள் உபவாசித்து அழுதான். ஏறக்குறைய நான்கு மாதம் கழித்து ராஜா "ஏன் முகம் வாடியிருக்கிறது" என்று கேட்டபோது, "மிகவும் பயந்து" என்றே எழுதுகிறான். பயத்தோடேயே ஜெபம்பண்ணி, வாய் திறந்தான். என்ன சொன்னான், என்ன கேட்டான் பாருங்கள்: எத்தனை நாளில் திரும்புவான் என்ற கணக்கு, நதிக்கு அப்புறத்து அதிபதிகளுக்குக் கடிதம், வாசல் கதவுகளுக்கு மரம் கொடுக்க வனக்காவலன் ஆசாப்புக்குக் கடிதம். இந்தப் பட்டியல் அந்த நிமிஷத்தில் தோன்றியதாக எனக்குப் படவில்லை.

அதனால் எங்கள் பகுதியில் உபவாசத்துக்கு வருகிறவர்களிடம் ஒரு நோட்டு கொண்டுவரச் சொல்கிறோம். காலை 10 மணிக்குத் துதி, பிறகு வசனம். பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை தனி ஜெபம். அந்த ஒரு மணி நேரத்தில் எதற்குப் பயம் என்பதை ஒரே வரியில் எழுத வேண்டும். "எல்லாவற்றுக்கும் பயம்" என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுவோம். யாரைப் பார்த்து, எந்த இடத்தில், என்ன நடக்கும் என்று பயம்? அது தெரிந்தால்தான் அதன் பெயரைச் சொல்லி ஜெபிக்க முடியும். ஒரு மணிக்கு மேல்தான் தலை சுற்றலும் எரிச்சலும் வரும், அப்போது நீண்ட ஜெபம் வைக்காதீர்கள். ஒரு சங்கீதத்தை மெதுவாக இரண்டு தடவை வாசித்தால் போதும்.

பெரம்பூர், நர்ஸ்:
ஐயா சொன்ன வசனமெல்லாம் சரி. ஆனால் அந்த அக்காவுக்கு சுகர் இருக்கிறதா, பிரஷர் மாத்திரை உண்டா என்று யாராவது கேட்டீர்களா? ஒரு உபவாசக் கூட்டத்தில் ஒரு அம்மா வேர்த்துக் கொட்டிக் கை நடுங்க உட்கார்ந்திருந்தார். பரிசுத்த ஆவியின் அபிஷேகம் என்று சுற்றி நின்று கைதட்டினார்கள். விரலில் குத்திப் பார்த்தால் சுகர் 52. காலையில் கிளிமிபிரைடு என்ற சுகர் மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றில் வந்திருக்கிறார்.

கேட்காமலே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கிளிமிபிரைடு வகை மாத்திரையும் இன்சுலினும் சாப்பிடாமல் இருந்தாலும் சுகரை இறக்கும். டாபாகிளிஃப்ளோசின் வகை சுகர் மாத்திரையில் சுகர் அளவு சாதாரணமாகத் தெரிந்தாலும் ரத்தத்தில் அமிலம் ஏறலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், டாக்டரிடம் தேதியைச் சொல்லிக் கேளுங்கள். 70க்குக் கீழே போனால் உபவாசம் அங்கேயே முடிந்தது. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லையென்றால் இன்னொரு தடவை. மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கிற தாய்மாரும் இந்த உபவாசம் எடுக்கவே வேண்டாம்.

உபவாசத் தலைவலியில் பாதி டீ இல்லாத தலைவலி. நாலு நாள் முன்பிருந்தே ஒவ்வொரு டம்ளராகக் குறையுங்கள். முழங்காலிலிருந்து சட்டென எழுந்திருக்காதீர்கள். உட்கார்ந்து, பத்து எண்ணி, பிறகு நில்லுங்கள். அந்த அக்கா சுவரைப் பிடித்தது அதனால்தான் இருக்கும். சென்னையில் அக்னி நட்சத்திர நாளில் தண்ணீர் இல்லாத உபவாசமே வேண்டாம். முடிக்கும்போது நொய்க்கஞ்சி, உப்புப் போட்ட மோர், அரை டம்ளர் அரை டம்ளராக. கூட்டம் முடிந்ததும் பிரியாணி பொட்டலம் கொடுக்கிற வழக்கத்தை எங்கே பார்த்தாலும் நிறுத்தச் சொல்லுங்கள்.

சாந்தோம்:
கத்தோலிக்கர்கள் ஒருசந்தி என்போம். திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் கட்டாயம், 18 வயது நிறைந்தவரிலிருந்து 59 வயது நிறையும்வரை. ஒரு வேளை முழுச் சாப்பாடு, மற்ற இரண்டு வேளையும் சேர்ந்தாலும் ஒரு சாப்பாட்டு அளவுக்கு வரக்கூடாது. சுத்தபோசனம், அதாவது இறைச்சி தவிர்ப்பது, 14 வயதிலிருந்து. நோயாளிகளுக்குக் கட்டாயமில்லை. தண்ணீர் குடித்தால் நோன்பு முறிந்துவிடாது. அந்தச் சகோதரிக்கு யாராவது இதைச் சொல்லியிருந்தால் அப்படித் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்.

ஒரு தவக்காலத்தில் ஒரு கல்லூரிப் பெண் விட்ட சாப்பாட்டுக் காசை தினமும் டப்பாவில் போட்டுவந்தாள். பாத்திரம் தேய்க்கும் அம்மாவிடம் அதைக் கொடுக்கப் போனபோதுதான் அவருக்கு இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை என்று தெரிந்தது. டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே மேனேஜர் அறைக் கதவைத் தட்டினாள். அதுவரை எவரிடமும் குரல் உயர்த்தாத பெண். அநியாயக் கட்டுகளை அவிழ்ப்பதே நோன்பு என்று சொல்லும் ஏசாயா 58 கேட்பது இந்த நோன்பைத்தான்.

கொளத்தூர்:
எல்லாரும் சலுகையே பேசுகிறீர்கள். இயேசு நாற்பது நாள் இருந்தார். மாம்சத்தை ஒடுக்காமல் தைரியம் எப்படி வரும்?

சூளைமேடு:
தம்பி, அப்போஸ்தலர் 23ல் நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் பவுலைக் கொல்லும்வரை புசிப்பதில்லை, குடிப்பதில்லை என்று சபதம் எடுத்தார்கள். மாம்சத்தை ஒடுக்கியவர்கள்தான் அவர்களும். நான்கு அதிகாரம் தள்ளிப் படியுங்கள். பவுல் கைதியாகப் போன கப்பலில், புயலில் பதினான்கு நாளாகச் சாப்பிடாத 276 பேர். பவுல் இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லவில்லை. அப்பத்தை எடுத்து, எல்லாருக்கும் முன்பாக ஸ்தோத்திரம் பண்ணி, பிட்டுத் தின்றான். அப்பொழுதுதான் "எல்லாரும் திடமனப்பட்டுப் புசித்தார்கள்". கரைக்கு நீந்த வேண்டியவனுக்கு அன்று அப்பம்தான் தேவைப்பட்டது.

வியாசர்பாடி:
எல்லாருக்கும் நன்றி. நர்ஸ் அக்கா, அவருக்கு சுகர் இல்லை, பிரஷர் மாத்திரை உண்டு; நாங்கள் கேட்கவே இல்லை. குறுக்கு விசாரணைக்கு மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். 4:16ஐத் திரும்ப வாசித்தபோது கண்ணில் பட்டது "எனக்காக உபவாசம்பண்ணுங்கள்". சூசான் ஊரிலிருந்த யூதர் எல்லாரும் அவளுக்காக உபவாசம் இருந்தார்கள். நாங்கள் அவரைத் தனியாக இருக்கவிட்டுவிட்டோம். இந்த முறை முந்தின நாள் மாலை 6 மணிக்குச் சபையில் கஞ்சி வைத்து அவர் உபவாசத்தை முடிக்கிறோம். காலையில் மாத்திரை, இரண்டு இட்லி, பையில் தண்ணீர் பாட்டில். விசாரணை நாளில் காலை 6லிருந்து மதியம் 2 வரை மணிக்கு ஒருவராக எட்டுப் பேர் அவருக்காக உபவாசத்தில் இருக்கிறார்கள். பதினொன்று முதல் பன்னிரண்டு வரை உள்ள நேரத்தை முதல் தடவை கோர்ட்டுக்குக் கூட வந்த சபை அக்காவே கேட்டு வாங்கிக்கொண்டார்.